ஆறு வாரம் கழித்து ஒரு ஸ்கேன்

மூன்று நாட்களாக வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. பேச்சில் நான் எப்போதுமே கஞ்சம்தான். உறவுக்காரர்கள் ஊமைக்கோட்டான் என்பார்கள். மாமா மட்டும் "குட்டி டாக்டர்" என்று கூப்பிடுவார்.

நான் டாக்டர் இல்லை. அறிவியல் பட்டம் வாங்கிவிட்டு, குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீரில் கிருமி இருந்தால் இருக்கிறது என்பேன், இல்லையென்றால் இல்லை என்பேன். வேலையில் நான் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

மாமா என் அம்மாவின் அண்ணன். சலவைக்கடை வைத்திருந்தார். அப்பா இறந்தபின் அம்மாவையும் என்னையும் தன் வீட்டு மாடி அறையில் குடிவைத்தார். அம்மா கடையில் இஸ்திரி போட்டாள். அவள் புடவையில் எப்போதும் சூடான துணியின் வாசனை அடிக்கும். நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது அவளுக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. மாமாதான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும், "வாய்வுதாம்மா. நீ உன் பாடத்தைப் பாரு" என்றார். நான் பாடத்தைப் பார்த்தேன்.

பரீட்சை முடிந்த மாதமே அம்மா போய்விட்டாள். எல்லாம் முடிந்து வீடு காலியானபின் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு அப்பவே தெரியும்மா. சொல்ற நிலைமையில நான் இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை. அம்மாவின் சாவை அவளுக்கே தெரியாமல் இந்த மனிதர் இத்தனை மாதம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடுதான் அதே மாடியில் நான்கு வருடம் இருந்தேன். அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வருடம் மாமா கடையில் துணி எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். வயிற்றில் குத்திய வலி முதுகு வழியாக வெளியே வருகிறது என்றார். மருத்துவமனையில் கணையம் வீங்கியிருப்பதாகக் கண்டுபிடித்தார்கள்.

அங்கிருந்த டாக்டருக்கு ஒரு பழக்கம். குடும்பமே திரண்டு போய் நின்றால் பேச மாட்டார். "படிச்சவங்க ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க" என்பார். எங்கள் குடும்பத்துக்கும் அது வசதியான பழக்கம்தான். நோயாளியின் எதிரில் நோயைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு ஆகாது. மாமியும் மாமாவின் மகளான அக்காவும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போனேன்.

"இவர் குடிக்கறதில்ல. பித்தப்பைல கல்லும் இல்ல" என்றார் டாக்டர். "அப்படி இருக்கப்ப இந்த வயசுல கணையம் ஏன் வீங்கணும்? அதான் இடிக்குது. சில பேருக்கு உள்ள ஒரு சின்னக் கட்டி இருந்து, குழாயை அடைச்சு, அதனாலயே வீங்கும். இப்ப இருக்கற வீக்கத்துல ஸ்கேன்ல தெளிவா தெரியாது. ஆறு வாரம் போகட்டும், வடிஞ்சிடும். திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்துடணும்."

"கட்டின்னா, கேன்சரா சார்?"

"பெரும்பாலும் இருக்காதும்மா. இருந்துட்டா, ஆரம்பத்துலயே எடுத்துடலாம். விட்டுட்டோம்னா கையில ஒண்ணும் இல்ல."

வெளியே வந்தேன். மாமி எழுந்து நின்றாள்.

"என்னடி சொன்னாரு?"

"வெறும் வீக்கம்தான் மாமி. எண்ணெயைக் குறைக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "இதைச் சொல்றதுக்கா மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு வந்தே? எனக்கு உசுரே போயிடுச்சு" என்றாள்.

முன்னாடியே திட்டம் போட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. கதவைத் திறந்து மூடும் நேரம்தான் எனக்குக் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது.

நிதானமாகப் பார்த்தால், அன்று நான் செய்தது பெரிய காரியமும் இல்லை. கணைய அழற்சி வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வருகிறது. வருடக்கணக்கில் வீக்கம் தீராதவர்களுக்கு அபாயம் அதிகம். மாமாவைப் போல வயதானபின் காரணம் தெரியாமல் வந்தால், முதல் ஒன்றிரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை, அவ்வளவே. மிச்சத்தை அவருடைய கணையத்தின் பொறுப்பில் விட்டேன். அம்மாவுக்கு அந்த வாய்ப்புகூடத் தரப்படவில்லை.

மருத்துவமனையில் கொடுத்திருந்தது என் கைப்பேசி எண். ஆறு வாரம் ஆனதும் கூப்பிட்டார்கள். வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் கூட்டிவருகிறேன் என்றேன். மறுபடி ஒருமுறை கூப்பிட்டார்கள். வேறு இடத்தில் பார்த்துக்கொண்டோம் என்றேன். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்தாள்.

பிறகு மாமாவுக்குச் சர்க்கரை வந்தது. குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. "வயசானா வரதுதான்" என்றேன். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு, "பாத்தியா குட்டி டாக்டர், மாமா மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டேன்" என்றார். மாமி, "ஆமாமா, பொண்ணு பாக்கப் போகலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். எண்ணெயை விட்டதால் இளைத்திருக்கிறார் என்றேன். முதுகுவலிக்கு, இத்தனை வருடம் குனிந்து நின்று துணி எண்ணியதைக் காரணம் சொன்னேன். ஒவ்வொன்றையும் என்னிடம்தான் கேட்டார்கள். குறைவாகப் பேசுகிறவள் சொன்னால் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள்.

அவருக்கு என் கையால் கஞ்சி வைத்துக்கொடுத்தேன். தைலம் தேய்த்தேன். என்னைப்போல யார் கவனிப்பார்கள் என்று மாமி எல்லோரிடமும் சொன்னாள்.

மூன்று நாட்களுக்கு முன் அக்கா தன் வீட்டிலிருந்து வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் மாமாவின் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்தவள், என்னை எதுவும் கேட்காமல் கார் வரவழைத்தாள். அதே மருத்துவமனை, அதே டாக்டர். இந்த முறை, "படிச்சவங்களும் வரோம், படிக்காதவங்களும் வரோம்" என்று சொல்லி எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனாள்.

கட்டி பெரிதாகி, கல்லீரலுக்கும் போயிருந்தது. எடுக்க வழியில்லை.

"ஆறு வாரத்துல வரச் சொன்னேனே" என்றார் டாக்டர். "இந்தப் பொண்ணுகிட்டதானே சொன்னேன்?"

சக்கர நாற்காலியில் இருந்த மாமா, "மறந்திருப்பா சார். வேலைக்குப் போற புள்ள, எத்தனையைத்தான் ஞாபகம் வச்சுக்கும்" என்றார்.

அவர் எனக்காகப் பரிந்து பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

"மறக்கல மாமா" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். "எங்கப்பா உனக்கு என்னடி குறை வச்சாரு?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பரீட்சை, வாய்வு, சட்டைப்பை எல்லாம் சொன்னேன். ஒரு மனிதருக்கு அவர் பிறருக்குச் செய்ததையே திருப்பிச் செய்தேன், ஒரு பிடிகூட அதிகமாகப் போடவில்லை என்றேன். இதை இவ்வளவு கோர்வையாகச் சொல்ல முடிந்ததில் எனக்கே ஆச்சரியம்தான்.

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உங்கம்மாவுக்குத் தெரியும்டி. முத நாளே அப்பா அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உன் படிப்பு முடியற வரைக்கும் உன் காதுல விழக் கூடாதுன்னு அவங்கதான் அப்பாகிட்ட சத்தியம் வாங்கினாங்க. அதுக்குத்தான் அந்த மனுஷன் இத்தனை வருஷமா உன் மூஞ்சிய நேரா பாக்க முடியாம கெடந்தாரு." அவள் குரல் உடைந்தது. "உடம்பு தேறி வீட்டுக்கு வந்தப்ப, இனிமே மறைக்க மாட்டேன், உன்கிட்ட சொல்லிடறேன்னு சொன்னாரே. சொல்லலையா?"

தாழ்வாரத்தில் யாரோ ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது தாண்டும்வரை நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்றோம்.

"சொன்னாரு" என்றேன்.

"எப்ப?"

"ஸ்கேனுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தப்ப."