அவள் ஏன் கேட்கவில்லை

முடிவு விளங்காத படங்கள் எனக்குப் பிடிக்காது, ஐயா. அவ்வளவு நேரம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் நீயே யோசித்துக்கொள் என்று விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் நிற்கிறது என்று ஏறியவரே யோசித்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டுவிட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

நீங்கள் கேட்டது என் மனைவியைப் பற்றி மட்டும்தான். ஆனால் அந்தப் படத்தைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. மச்சானைச் சொல்லாமல் படத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மச்சான் என்றால் அவளுடைய தம்பி. செருப்புக் கடையில் வேலை. கெட்டவன் இல்லை. குடி, சீட்டு எதுவும் கிடையாது. யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவான், அது ஒன்றுதான். கடை முதலாளி, பொருத்தமான அளவு கிடைக்காமல் சண்டை போடும் வாடிக்கையாளர், யாரும் தப்ப முடியாது. வேலை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவுக்கு அன்றைய ஆட்களை நடித்துக் காட்டிவிட்டுத்தான் தன் அறைக்குப் போவான்.

ஒரு நாள் மாடிப்படி ஏறும்போதே அவள் சிரிப்புக் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கதவு பாதி திறந்திருந்தது. அவன் என் பழைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "இது சரியில்லையே... இதுவும் சரியில்லையே..." என் குரல் அச்சு அசலாக வந்தது.

நான் உள்ளே போனதும் இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"சும்மா வெளையாட்டுக்கு மாமா" என்றான்.

"நல்லாத்தானே இருந்துச்சு. ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன்.

எனக்குக் கோபம் வராது. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை என்பதை அன்று கவனித்தேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவன் இன்னொன்று ஆரம்பித்தான். "ஏன்க்கா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கே? எங்க கடையில லேடீஸ் செக்ஷனுக்கு ஆள் தேடுறாங்க. வந்துடு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உன் இஷ்டம்" என்றேன். அது நிஜமாகவே தன் இஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த மாதத்திலிருந்து வருவதாக அவனிடம் சொல்லிவிட்டாள்.

அவன் குடியிருந்த கட்டிடத்தின் லிஃப்ட் என் பொறுப்பில் இருந்தது. பழைய லிஃப்ட். கதவைக் கையால் இழுத்துத் திறக்க வேண்டும். லிஃப்ட் வந்து நின்றால்தான் கதவு திறக்கும்படி உள்ளே ஒரு கொக்கி இருக்கும். கொக்கி தேய்ந்துபோனால், லிஃப்ட் வராமலே கதவு திறந்துகொள்ளும். திறந்தால் அந்தப் பக்கம் வெறும் குழிதான். அந்த மாதம் மேல் மாடிக் கொக்கி தேய்ந்திருந்தது. பார்த்தேன். அந்த மாடியில் அவனைத் தவிர வேறு யாரும் குடியில்லை. மற்ற மாடிகளின் வேலையை முடித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அவனுக்கு ஃபோனைப் பார்த்துக்கொண்டே கதவை இழுக்கிற பழக்கம். ஒரு லீவு நாள் சாயங்காலம் அப்படியே இழுத்து, அப்படியே கால் வைத்தான்.

விபத்து என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அழுதேன், அது உண்மையான அழுகைதான். அவள் பல நாள் சாப்பிடவில்லை. நான்தான் பிசைந்து ஊட்டினேன். "இப்படி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று அவளுடைய அக்கா உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். செருப்புக் கடைப் பேச்சு அதோடு நின்றது. வீடு அமைதியானது. சாயங்காலம் வந்தால் நானும் அவளும் மட்டும்தான். நன்றாகத்தான் இருந்தோம், ஐயா.

அவளுக்கு ஆஸ்துமா. வெளியே அதிகம் போக மாட்டாள். ஒரு படம் நன்றாக இருக்கிறது என்று அவளுடைய அக்கா சொன்னதால், ஒரு மத்தியானம் அவளாகவே அந்தப் படத்துக்குக் கூப்பிட்டாள். கொலைப் படம். கொலை செய்பவன் சாது, வீட்டில் சத்தம் போட்டுப் பேசாதவன். கடைசியில் போலீஸ் வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. இவன் கடைசிப் பிணத்தையும் புதைத்துவிட்டு ஷூவெல்லாம் சேறாக வீட்டுக்கு வருகிறான். மனைவி அந்த ஷூவை வாங்கிக் குழாயடியில் கழுவி, வெயில் படுகிற இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அவனுக்குச் சாப்பாடு போடுகிறாள். பேச்சே இல்லை. அவள் முகத்தைக் காட்டுகிறார்கள். படம் முடிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தாள். "பாவம், அந்தப் பொம்பளை. கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியாமப் போச்சு" என்றேன்.

"யாருக்கு? அவளுக்கா?" அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு எல்லாம் தெரியும்ங்க."

"எப்படிச் சொல்றே?"

"இவ்வளவு சேறு எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. எந்தப் பொண்டாட்டி கேக்காம இருப்பா? கேக்கலைன்னா தெரியும்னுதான் அர்த்தம்."

"தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டு எங்க போவா? அவளுக்குன்னு யாரு மிச்சம் இருக்கா?" என்று சொல்லிவிட்டு, என் சட்டையை மடித்து என்னுடைய அடுக்கில் வைத்தாள்.

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

மச்சான் செத்ததற்கு முந்தின நாள் நான் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் இரும்புத் தூள் இருந்தது. அவள் அதை உதறித் துவைத்துப் போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரத்தால் தேய்த்தால்தான் அவ்வளவு தூள் உதிரும். கொக்கி தேய்ந்திருந்தது என்று சற்று முன் சொன்னேன். கொஞ்சம் தேய்ந்திருந்தது. மீதியை நான் தேய்த்தேன். இன்னொன்றும் உண்டு. அவனுடைய ஃபோனில் கடைசியாக வந்த அழைப்பு என்னுடையது. "கீழதான் நிக்கிறேன் மாப்ளே, சீக்கிரம் இறங்கி வா" என்றேன். அக்காவைப் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டதாக அப்போது எல்லாரிடமும் சொன்னேன். அவள் அதையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். என் துணியைத் துவைத்தாள். நேரத்துக்குச் சாப்பாடு போட்டாள். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். முன்பும் அப்படித்தான் செய்வாள் என்று நீங்கள் சொல்லலாம். அதுதான் விஷயமே. எல்லாம் தெரிந்தும் முன்பு போலவே செய்கிறாள். அவள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று நான் ஒரு நாளும் பயப்படவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாம் தெரிந்த ஒருத்தியின் கையால் எத்தனை நாள் சாப்பிட முடியும்? அவளுக்கும் அது எவ்வளவு பாரம்? யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்துகொண்டு திரிந்தாள். அதை இறக்கி வைக்க ஒரு ஆள் வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறினாள். வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். தூசு கிளம்பியது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எப்போதும் இன்ஹேலர் வைக்கிற அலமாரித் தட்டில் கையை விட்டுத் துழாவினாள்.

"என்னங்க... இங்கதானே வெச்சிருந்தேன்... பாத்தீங்களா?"

"நீ உக்காரு. நான் தேடுறேன்" என்றேன்.

தேடினேன். கட்டிலுக்கு அடியில், சமையலறையில், குளியலறை ஜன்னலில், எங்கும் விடவில்லை. ஏனோதானோ என்று தேடவில்லை, நன்றாகவே தேடினேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்போதும் எதுவும் கேட்கவில்லை. மூச்சு இல்லாததால் கேட்க முடியவில்லை என்று டாக்டர் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவளுடைய அக்கா வந்து, என் சட்டையைப் பிடித்து உலுக்கி அழுதபோது இன்ஹேலர் கீழே விழுந்தது. எடுத்து எங்காவது போட்டிருக்கலாம். மறந்துவிட்டேன். அந்த நேரத்தில் மனசு சரியாக இல்லை, மனைவி செத்த வீடு அல்லவா?

அக்கா உங்களிடம் சொன்னதைக் காலையில் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். செத்ததற்கு முந்தின நாள் இவள் ஃபோனில் பேசினாளாம். "அவர் மட்டும் இல்லேன்னா தம்பி பின்னாடியே நானும் போயிருப்பேன்க்கா" என்றாளாம். தன் தங்கைக்கு என் மேல் சந்தேகம் என்று எதுவும் இருந்ததே இல்லை என்று அக்கா அடித்துச் சொல்கிறாளாம். படத்தைப் பற்றிச் சொன்னது வெறும் படத்தைப் பற்றித்தான் என்று நீங்களும் சொல்கிறீர்கள்.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, ஐயா. பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இருக்க வேண்டும். தெரியாது என்றால், ஒன்றும் அறியாத ஒருத்தியை அல்லவா நான் கொன்றிருப்பேன்? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.