கம்பெனி பார்க்கக் கிளம்பிய அத்தை

சரி, கூட்டத்துல சட்டம் பேசுனது போதும்... பின்வரிசையில ரெண்டு பேரு கொட்டாவி விட்டாச்சு. அவங்களுக்காகவே ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க.

மானாமதுரைப் பக்கம் ஒரு ஊரு. அங்க கருப்பையான்னு ஒருத்தர். அவரு மக மாரிச்செல்வி, பன்னெண்டாவது முடிச்ச புள்ள. அந்த ஊருக்கு ஜெகதீசன்னு ஒரு ஆள் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வாயெல்லாம் சிரிப்பு. வெளியூர்ல பெரிய கம்பெனி, நல்ல சம்பளம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் இருக்கு, ஞாயித்துக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒண்ணு சொன்னான்...

"யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. கண்ணு பட்டுரும்."

கவனிச்சீங்களா? நல்ல வேலை கெடைச்சா ஊருக்கே மிட்டாய் குடுப்போம். இவன் எதுக்குச் சொல்லாதேங்கிறான்? கருப்பையா யோசிக்கல. புள்ளையோட ஆதார் கார்டையும் எடுத்துக் குடுத்துட்டாரு.

ஆனா நம்ம ஊர்ல எந்த விஷயம் மறைஞ்சு நின்னுருக்கு? கருப்பையாவோட அக்கா சிட்டம்மா காதுக்குப் போயிருச்சு. வந்துச்சு பாருங்க கோவம்... அவன் மேல சந்தேகம்னு நினைக்காதீங்க. சந்தேகமே இல்ல! தன்னை ஒரு வார்த்தை கேக்கலையேங்கிற கோவம். அத்தைன்னா சும்மாவா?

ஞாயித்துக்கிழமை ஜெகதீசன் வந்தா, வாசல்ல ஒரு வேன் நிக்குது. அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா... எல்லாரும் பட்டுச்சேலை, வெள்ளை வேட்டி. தட்டுல பழம், வெத்தலை பாக்கு. மாப்பிள்ளை வீடு பாக்கப் போவோமே, அதே கோலம்.

"என்ன தம்பி முழிக்கிறீங்க? புள்ளைய ஒரு எடத்துல விடுறோம். எடத்தைப் பாக்க வேணாமா?"

"இல்லம்மா... இது வேலைம்மா. கல்யாணம் இல்ல."

"எதுவா இருந்தாலும் எம் மருமக அங்கதான படுத்து எந்திரிக்கணும்?"

மாட்டேன்னா சந்தேகம் வரும். ஏறிட்டான். ரெண்டு மாமாவுக்கு நடுவுல உக்கார வச்சாங்க. எல்லாம் மரியாதைதான்!

அத்தை கேள்வியை ஆரம்பிச்சுச்சு. எந்தத் தெரு? பக்கத்துல டீக்கடை இருக்கா? டீக்கடையில விசாரிச்சாத்தானே உண்மை தெரியும்? மதுரை தாண்டும்போது திருப்பூர்னான். திண்டுக்கல் வந்ததும் கோயம்புத்தூர்னான். பாத்ரூம் போகணும்னு எறங்கினான்... ரெண்டு மாமாவும் கூடவே எறங்கினாங்க. விருந்தாளியைத் தனியா விடலாமா?

திரும்ப ஏறினவனுக்கு சட்டையெல்லாம் வேர்வை. கடைசியா சொன்னான், வெளி மாநிலத்துக்குப் போகணும், வழியில வேற வண்டி வரும், புள்ளைய மட்டும்தான் ஏத்துவாங்கன்னு.

அத்தை மாரிச்செல்வி கையைப் புடிச்சுக்கிச்சு. மெதுவா சொல்லுச்சு.

"டிரைவர் தம்பி, வண்டியை போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க."

ஸ்டேஷன்ல விசாரிச்சா, கம்பெனின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அவன் போனை வச்சு போலீஸ் தேடுனப்போ, வேற ஒரு ஊர்ல பூட்டின வீட்டுக்குள்ள, இதே மாதிரி வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போன மூணு புள்ளைங்க இருந்தாங்க. மீட்டுட்டு வந்தாங்க. மாரிச்செல்வி இப்ப நர்சிங் படிக்குது. காலேஜ்ல சேக்குறதுக்கு முன்னாடியும் அதே வேன் போச்சு, அதே பழத்தட்டோட!

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு யோசிங்க... அந்த மூணு புள்ளைங்களுக்கும் அத்தை இல்லாமயா இருந்திருக்கும்? இருந்திருப்பாங்க. அந்த அத்தைங்ககிட்ட யாரும் சொல்லல. அதை நினைச்சா எனக்கு நெஞ்சு வலிக்குது.

ஆள் கடத்துறவன் கத்தியைத் தூக்கிட்டு வர்றதில்லங்க. சிரிச்சுக்கிட்டு வருவான், வேலையோட வருவான். அவனோட பலமே நம்ம ரகசியம்தான். மாப்பிள்ளை வீட்டுல அடுப்படி வரைக்கும் எட்டிப் பாக்குறோம். புள்ள தனியாப் போற எடத்துக்கு விலாசம் கூடக் கேக்க மாட்டேங்கிறோம். இது நியாயமா? கேளுங்க. போய்ப் பாருங்க. ஆதாரைக் கையை விட்டுக் குடுக்காதீங்க. சந்தேகம் வந்தா போலீசுக்குச் சொல்லுங்க.

வேலை குடுக்குறேன்னு ஒருத்தன் வந்து, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா... மொதல்ல போயி அத்தைகிட்ட சொல்லுங்க!