பம்பு ரூம் அவரைச் செடி

1968 பிப்ரவரி, ஒரு புதன்கிழமை காலை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண், தன் தகப்பனார் கொண்டுவந்த அவரைச் செடியைப் பார்த்துக் கத்தினாள்.

“இன்னா நைனா, இது பச்சையா கீது?”

ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து நேரே வந்தவர் அவர்.

“பச்சையா இருந்தா நல்லதுதானே? பத்து நாளா தண்ணி ஊத்தி வளத்தேன்.”

“வீட்டு வெயில்ல ஒரு செடி, சுரங்கத்து இருட்டுல ஒரு செடி, அதானே சோதனை. இருட்டுல வளந்தது வெளுத்துக் கெடக்கணும். இன்னிக்கு லேப் நோட்டு குடுக்கணும். எங்க வச்சீங்க?”

“சுரங்கத்துக்குள்ள பம்பு ரூம்ல, பல்புக்குக் கீழ.”

“பல்புக்குக் கீழயா!”

“கும்மிருட்டுல தனியா வுட மனசு வரல கண்ணு. புக்குல வெளுக்கும்னுதானே கீது? அப்படியே எழுதிடு.”

“பாக்காதத எப்படி எழுதறது?”

வரிசை நகர்ந்தது. அவள் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த பல்ப அணைப்பாங்களா?”

“பம்பும் நிக்காது, பல்பும் அணையாது.”

“அப்போ வெயிலே படாம, பல்பு வெளிச்சத்துலயே பச்சை வந்துக்கீது! இது எங்க புக்குல இல்ல நைனா.”

நோட்டைச் சுவரில் வைத்து, ‘இருட்டில்’ என்பதை அடித்துவிட்டு, ‘பல்பு வெளிச்சத்தில்’ என்று எழுதினாள்.

“நாளைக்கு வேற தொட்டி தரேன். நெஜ இருட்டுல வைங்க. பாவம் பாக்காதீங்க.”

“சரிம்மா. போறப்ப வரப்ப அதுங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா?”

“பேசுங்க. தலை லைட்ட அணைச்சிட்டுப் பேசுங்க.”