ஸ்பீக்கர் பெட்டியின் ஓட்டை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம். மலாக்காவில், காஜா பேராங்கில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"என் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாடி இருந்த ஓட்டையை மச்சான் பலகை வச்சு அடைச்சிட்டான்," என்றார் கண்ணாடி போட்டவர்.

"எலி போகாதுல்ல, நல்லதுதானே அண்ணே?" என்றான் கூட வந்தவன்.

"மடையன் மாதிரி பேசாத. வெள்ளைக்காரன் கணக்குப் போட்டு வச்ச ஓட்டைடா அது. அது இருந்தாத்தான் மிருதங்கம் கும்முனு கேட்கும். இப்ப தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு. காது இருக்கறவன் செய்யற வேலையா இது?"

"எப்ப அடைச்சாரு?"

"தீபாவளிக்கு முன்னாடியாம். நேத்து பெட்டியைத் துடைக்கிறப்பதான் பார்த்தேன்."

"தைப்பூசமே முடிஞ்சிருச்சே அண்ணே. போன வாரம்கூட என்னை உட்கார வச்சு, மிருதங்கம் எப்படிக் கும்முனு பேசுது கேளுடான்னு சொன்னீங்களே."

பண்டார் ஹிலிருக்கு டிக்கெட் எடுத்திருந்த கண்ணாடிக்காரர், மணியை அடித்துப் பாதி வழியில் தெங்கேராவிலேயே இறங்கிவிட்டார்.