எந்த ராஜப்பா

காத்திருப்பது எனக்குப் பிடிக்காது. பங்காருபேட்டையில் சிக்னலுக்காக ரயில் நின்றால் பெட்டியில் மற்றவர்கள் கடலை கொறிப்பார்கள், சீட்டு ஆடுவார்கள். நான் எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வேன். நான் நிற்பதால் ரயில் சீக்கிரம் கிளம்பிவிடாது என்று எனக்கும் தெரியும். இதைத் தவிர என்னிடம் கெட்ட பழக்கம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பெயர் ரா. மனோகர். தகப்பனார் பெயர் தசரதன். இனிஷியல் இடிக்கிறதே என்று பேனாவை நிறுத்துகிறீர்கள். நிறுத்த வேண்டாம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

டிரஸ்ட் உங்களை விசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. வக்கீல் என்கிறார்கள். அதனால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறேன். டேட்டாபேஸிடம் ஒன்றைத் தேடித் தரச் சொல்வதை நாங்கள் கேள்வி என்போம். சில கேள்விகளுக்குப் பதில் வரத் தாமதமாகும். ஏன் தாமதம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. அதில் நான் கெட்டிக்காரன். தன்னடக்கத்துக்கு இது இடமில்லை என்பதால் சொல்கிறேன்.

டிரஸ்டுக்குச் செய்தது சும்மா செய்த வேலை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சுரங்கத்தில் தூசி தின்று நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்கு நீங்கள் வீட்டுக்கே ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புகிறீர்கள். நல்ல காரியம். வீட்டிலிருந்து போன் வரும். ராபர்ட்சன்பேட்டை ஆபீசில் வினோலியா எடுப்பார். நோயாளியின் பழைய சுரங்க டோக்கன் எண்ணைக் கேட்டுத் தட்டுவார். திரையில் விலாசம் வரும், வண்டி கிளம்பும். விலாசம் வருவதற்குள் வினோலியா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போனின் அந்தப் பக்கம் ஒருவர் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பார். இதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கை நமைத்தது.

காரணம் சாதாரணமானது. ஒரு ஆளைத் தேட அந்த டேட்டாபேஸ் லைன் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தது. இந்த எண் இந்த வீட்டில் என்று லைன் முனையில் ஒரு பலகை வைத்துவிட்டால் நேராகப் போய்விடலாம். அந்தப் பலகைக்கு இண்டெக்ஸ் என்று பெயர். வைத்தேன். வட்டம் சுற்றுவது நின்றது. வினோலியா என்னைப் பார்த்து, "இன்னா மனோகர், மிஷின மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள்.

நிறுத்தவில்லை. ஏனென்றால் எங்கள் டோக்கனைத் தட்டினால் இரண்டு வரிகள் வந்தன. இரண்டிலும் பெயர் ராஜப்பா. ஒரு விலாசம் ஸ்கெலட்டன், இன்னொன்று ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் வீடு. வினோலியா போனில் கேட்டாக வேண்டும்: "எந்த ராஜப்பா? ஸ்கெலட்டன் ராஜப்பாவா, பேட்டை ராஜப்பாவா?" மிஷினின் தாமதம் ஒழிந்து, மனிதர்களின் தாமதம் மிச்சமிருந்தது.

இங்கேதான் இனிஷியல் வருகிறது. ராஜப்பா எங்கள் அப்பாவின் சினேகிதர். அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தபோது சுரங்கத்தில் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். ராஜப்பாவிடம் டோக்கன் இருந்தது. அவர் தன் டோக்கனை அப்பாவோடு பங்கு போட்டுக்கொண்டார். ஒரு வாரம் இவர் ஷிஃப்ட், மறுவாரம் அவர் ஷிஃப்ட். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறும்போது இரண்டு பேருக்கும் பெயர் ராஜப்பாதான். லைனில் இதைப் 'பேர்ல இறங்குறது' என்பார்கள். மேஸ்திரிகளுக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள். வேலையை இருவரும் பாதிப் பாதியாகத்தான் பிரித்துக்கொண்டார்கள். தூசி மட்டும் பாதியாகவில்லை. என்னைச் சுரங்கப் பள்ளியில் சேர்க்கவும் டோக்கன் கேட்டார்கள். அதனால் ராஜப்பா மகன் மனோகர் என்று எழுதினார்கள். நான் படித்ததும் வேலை வாங்கியதும் அந்த 'ரா'வை வைத்துத்தான். இதற்காக நான் வெட்கப்படவில்லை.

டிரஸ்டில் ராஜப்பா முதலில் பதிந்தார். பிறகு அப்பாவுக்கும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சுரங்கத்தில் வேலை பார்த்ததற்கு டோக்கன்தான் சாட்சி என்றார்கள். அதே டோக்கனில், அதே பெயரில், நான்தான் அப்பாவைப் பதிந்தேன். டிரஸ்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு மோசமான நாள். போன் செய்தேன். வினோலியா அன்று லீவு. உட்கார்ந்திருந்த புதுப்பெண் எந்த ராஜப்பா என்று கேட்கவில்லை. சிலிண்டர் ஸ்கெலட்டனுக்குப் போய்விட்டது. அங்கே ராஜப்பாவின் மனைவி பாப்பம்மா அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, கணவரைத் தனியாக விட்டுவிட்டு, ஆட்டோவில் சிலிண்டரை மடியோடு அணைத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். முழுக்க நனைந்திருந்தார். "அண்ணனுக்கு மாட்டுடா மொதல்ல, அப்புறம் பேசலாம்" என்றார். அப்பா பிழைத்தார். எல்லோரும் பாப்பம்மாவைப் புகழ்ந்தார்கள். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்ததை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் வருவதற்கு எவ்வளவு நேரமானது என்று யாரும் பேசவில்லை. நான் அதைத்தான் யோசித்தேன்.

ஆகவே ஒரு விதி போட்டேன். ஒரு டோக்கனுக்கு ஒரே வரி. இதற்கு யூனிக் இண்டெக்ஸ் என்று பெயர். இதைப் போடும் முன் இரட்டைப் பதிவுகளை நீக்க வேண்டும். இரட்டைப் பதிவுகள் நிறைய இருந்தன. அவையெல்லாம் ஒரே ஆளை இரண்டு தடவை தட்டியதால் வந்தவை. ஒன்றைத் தவிர.

பெங்களூரில் எங்களைப் போன்ற டேட்டாபேஸ்காரர்களுக்கு ஒரு பயனர் குழு உண்டு. அவ்வப்போது கூடுவோம். யார் எதை எப்படி வேகமாக்கினார்கள் என்று பேசுவோம். விதியை டிரஸ்டில் ஓட்டுவதற்கு முன் அங்கே மேடையேறினேன். திரையில் சுற்றும் வட்டத்தைக் காட்டினேன், பிறகு வட்டமே இல்லாததைக் காட்டினேன். கைதட்டினார்கள். என் வயதில் பலருக்கு அது கிடைப்பதில்லை. கடைசியில் ஷில்பா என்ற பெண் எழுந்தாள். குழுவில் எல்லோருக்கும் பதில் எழுதுகிறவள், விவரமானவள்.

"யூனிக் எதுக்கு? சாதா இண்டெக்ஸே போதுமே, ஸ்பீட் ஒண்ணும் மாறாது," என்றாள். "நிஜமாவே ஒரே டோக்கன்ல ரெண்டு பேர் இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்படி யாரும் இல்ல," என்றேன்.

அவள் சொன்னது சரி. வேகம் மாறாது என்று எனக்கும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தேதான் சொன்னேன்.

இரண்டில் எந்த வரியை வைத்துக்கொள்வது என்று மிஷினுக்குச் சொல்ல வேண்டும். முதலில் பதிந்ததை வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அப்படி ஒரு தடவை ஒத்திகை ஓட்டிப் பார்த்தேன். ஸ்கெலட்டன் நின்றது, ராபர்ட்சன்பேட்டை போனது. வரிசையைத் திருப்பி, கடைசியில் பதிந்ததை வைத்துக்கொள் என்று மாற்றினேன். ராபர்ட்சன்பேட்டை நின்றது. கடைசிப் பதிவில்தான் புதிய போன் நம்பர் இருக்கும், அதனால் அதுவே பொருத்தமானது. விதி எல்லோருக்கும் பொதுவானது. நான் தனியாக யார் பெயரையும் தொட்டு அழிக்கவில்லை. நீக்கிய வரிகளையும் தனியாக எடுத்து வைத்தேன். வேண்டுமென்றால் ஒரே கட்டளையில் திருப்பிப் போட்டுவிடலாம்.

விதியை டிரஸ்டில் ஓட்டிய அந்த வாரமே, வழக்கமான சுற்றுக்கு வண்டி கிளம்புவதற்கு முன், பாப்பம்மா போன் செய்தார். வினோலியா டோக்கனைத் தட்டினார். ஒரே விலாசம் வந்தது. எந்த ராஜப்பா என்று கேட்க அவசியமில்லை, கேட்கவும் இல்லை. ராஜப்பா என்று சொன்னதும் வண்டி கிளம்பிவிட்டது. இவ்வளவு வேகமாக உங்கள் வண்டி அதற்கு முன் கிளம்பியதே இல்லை.

நான் வீட்டில்தான் இருந்தேன். சனிக்கிழமை. டிரைவர் ஊருக்குப் புதியவர், சிலிண்டரை இறக்கிக்கொண்டே சொன்னார்: "ரொம்ப அவசரம்னாங்க சார். பாப்பம்மான்றவங்க அழுதுகினே போன் பண்ணாங்களாம். உங்க வீட்லதானே?"

"இங்கதான். வெச்சிட்டுப் போங்க," என்றேன்.

இதைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நிதானமாகச் சொல்கிறேன். அது இங்கே வந்தது தப்பு என்று நான் சொல்லியிருந்தால், டிரைவர் வினோலியாவிடம் சொல்வார், வினோலியா எல்லோரிடமும் சொல்வார், விதியை எடுத்துவிடுவார்கள். மறுபடியும் எந்த ராஜப்பா என்று கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மறுபடியும் மழை வரும். ஒரு தப்புக்காக நல்ல ஏற்பாட்டைக் குலைக்கக் கூடாது. சாயங்காலம் நிதானமாக ஏதாவது செய்யலாம் என்றிருந்தேன். புதிய சிலிண்டரை அப்பாவின் கட்டிலருகே, ஏற்கெனவே நிரம்பியிருந்ததன் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னாடா இது, ரெண்டு கீது?" என்றார் அப்பா.

"ஸ்பேர் ப்பா."

"கேக்காமயே குட்த்தாங்களா?"

பாப்பம்மா இரண்டாவது தடவை போன் செய்தபோது வினோலியாவின் திரையில் சிலிண்டர் கொடுத்தாகிவிட்டது என்று காட்டியது. "வண்டி வந்துட்டுப் போச்சேம்மா, நல்லா பாருங்க," என்று அவர் சொன்னாராம். பாப்பம்மா வாசலில் போய்ப் பார்த்திருக்கிறார். திரும்பி உள்ளே வந்தபோது ராஜப்பா போய்ச் சேர்ந்திருந்தார். ஸ்கெலட்டனுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஆட்டோவில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பாப்பம்மா ஒரு தடவை வந்த தூரம்தான்.

சாவுக்கு அப்பாவை நான்தான் கூட்டிப்போனேன். நடக்க முடியாது, ஆட்டோவில் உட்காரவைத்து. பாப்பம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வாட்டி போன் பண்ணேண்ணா, வண்டி வந்துச்சுன்றாங்க, எங்க வந்துச்சு?" என்று கேட்டார். அப்பா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அழவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலருகே இருந்த இரண்டாவது சிலிண்டரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி மடித்து ஜன்னலில் வைத்தார்.

"என் பேரு தசரதன்டா," என்றார். சொல்லி முடிக்க நேரமானது. "அந்தப் பேர்ல சிலிண்டர் வந்தா மாட்டு."

அதிலிருந்து மாட்ட விடவில்லை. கையைத் தட்டிவிடுகிறார். இத்தனை நோயிலும் பிடிவாதத்துக்கு மட்டும் எங்கிருந்தோ பலம் வருகிறது. டிரஸ்டுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னதும் அவர்தான். நீங்கள் வந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான். அவர்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அவருக்காகத்தான் செய்தேன். ஒருத்தரையாவது காப்பாற்றினேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று வினோலியா வீட்டுக்கு வந்தார். அப்பாவை அவருடைய சொந்தப் பெயரிலேயே பதிந்து ஒரு சிலிண்டர் அனுப்ப நினைத்தாராம். பதிந்த பெயரைத் திருத்த அவருக்கு அனுமதியில்லை, டோக்கன் இல்லாத புதுப் பதிவை மிஷின் ஏற்கவில்லை. டோக்கனைத் தட்டினால், அது ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிட்டது. "உங்க ரூல மட்டும் எடுத்துடுங்க மனோகர், கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார். ஒரே கட்டளைதான். அவர் எதிரிலேயே கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

எடுக்கவில்லை. எடுத்தால் தப்பென்று ஒத்துக்கொண்டதாகும். கவனக்குறைவு என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் எழுதியதில் ஒரு பிழையும் கிடையாது. ராஜப்பாவின் வரியை நான் எடுத்தேன், அவருக்கு வந்த சிலிண்டரை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், இரண்டையும் தெரிந்தே செய்தேன். இப்படி எழுதுங்கள், போடுகிறேன். எத்தனை பேர் சேர்ந்து கேட்டாலும் என் ஏற்பாடு சரியானதுதான்.

வினோலியா போனபின், திறந்தது திறந்தபடி இருக்கிறதே என்று 'தசரதன்' எனத் தட்டிப் பார்த்தேன். உள்ளே அப்பா மூச்சை இழுப்பது கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நிறைய நேரம் இருந்தது. அதற்குள் பதில் வந்துவிட்டது, அப்படி யாரும் இல்லை என்று.