எதிராளிக்கு வாங்கிய உறை

கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் எனக்கு எதிரே ஒரு புருசனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு இடது கண் சிவந்து வீங்கியிருந்தது. மடியில் இரண்டு ஜோடி குத்துச்சண்டை உறைகள். ஒன்று புதிது, மற்றது தேய்ந்து தையல் விட்டது.

“புச்சு ஜோடி எனக்கில்லமே. ஞாயித்துக்கிழமை என்னோட மோதப் போறவனுக்கு,” என்றார் அவர்.

நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் காதைக் கொடுத்தேன்.

“பைத்தியமா உனுக்கு? உன் பழசையே நீ போட்டுக்கினு, எவனுக்கோ புச்சா?”

“தொட்டுப் பாரு, எவ்ளோ பஞ்சுன்னு. அவன் குத்துனா மெத்துன்னு விழும். இந்தக் கண்ணுல இன்னொரு அடி பட்டா பார்வை பூடும்னு டாக்டர் சொன்னாரில்ல? என் மூஞ்சில விழப்போறது என் கையா, அவன் கையா?”

“அப்போ சண்டைக்கே போவாத.”

“ஜெயிச்சா போட்டி நடத்துற கம்பெனில வாட்ச்மேன் வேலை தரேன்னுக்கிறாங்க. உட்டா வேற எவன் குடுப்பான்?”

“அவன் சொந்தமா உறை எடுத்தாந்தான்னா?”

“அவங்கிட்ட ஏது? என்னுதுதான் ரெண்டு பேருக்கும். முன்னால வெச்சா புச்சைத்தான் எடுப்பான்.”

அந்த அம்மா பழைய உறையை எடுத்து விரல் முட்டி வரும் பக்கம் அழுத்திப் பார்த்தார். பஞ்சு ஒதுங்கி அங்கே வெறும் தோல்தான் இருந்தது.

“இத்தப் போட்டுக்கினு நீ குத்துனா, அவன் கண்ணு இன்னா ஆவும்யா?”

பொன்னேரி தாண்டும்போது அவர் பழைய உறையை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார்.

“ஒரு ஜோடிக்குத்தான் துட்டு இருந்துச்சு,” என்றார்.