தொட்டிக்குக் குடுத்த வீடு

பின்னால குசினி வழியா வரச் சொன்னதுக்குக் கோச்சிக்காதீங்க சின்ன தொரை. இந்தக் கூடத்துலயே உக்காருங்க, கோப்பி கொண்டாரேன். லோரி டிரைவருக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்.

ஆமா, இதுதான் தொட்டி. இன்னிக்குக் கொஞ்சம் சத்தமில்லாம இருக்கு, மத்த நாள்ல நல்லா குமிழி விடும். உள்ளுக்கு இருக்கறது கிருமி. லேப்புல இருந்து வருமே ரூபினின்னு ஒரு பொண்ணு, அது மரபணுவ மாத்தி வளத்த கிருமியாம். கியா பார்ம் காய்கறித் தோட்டத்துல வீணாப்போன முட்டகோஸ அரைச்சு ஊத்துனா, தின்னுட்டு ஹைட்ரஜனா விடுது. அத எரிச்சுத்தான் பேக்டரில தேயில காயுது. எங்க வீட்டுக்காரரும்தான் முட்டகோஸு தின்னுட்டு விடறாரு, ஒரு பேக்டரியும் ஓடல.

மொத பேக்டரிலதான் வச்சாங்க. குளிரு தாங்காம வேலைய நிறுத்திருச்சு. வேலையாளுங்க இருக்கற லயத்து வீட்ல விறகடுப்பு எரியுது, சூடா இருக்கும்னு பெரிய தொரை இங்க கொண்டாந்துட்டாரு. பயப்படாதீங்க, அடுப்பு குசினில, காஸு நேரா பைப்புல வெளிய போயிரும்.

எங்க வீட்டுக்காரரு பழனியப்பன் அப்பதான் வேலைல இருந்து நின்னாரு. வேல செய்யற ஆளு இல்லாத வீட்டக் காலி பண்ணனும்ல? நான் அழுதுட்டேன். இந்த வயசுல எங்க போறது? பெரிய தொரை யோசிச்சு, தொட்டி வேல செய்யுது, அதனால வீடு தொட்டிக்கு, நீங்க ரெண்டு பேரும் அதுக்குத் தொணையா இருங்கன்னுட்டாரு.

சிரிக்காதீங்கலா. காலைல வேலைக்கு ஆளெடுக்கற பெரட்டுல, கணக்கெழுதற கிராணி எல்லாரு பேரோட அதையும் கூப்புடுவாரு, நாந்தான் கை தூக்குவேன். தீபாவளிக்கு அதுக்கும் ஒரு கம்பளி வந்துச்சு. ஒரு நாளு காஸு கொறஞ்சதுக்கு டாக்டரு குடுக்கற எம்.சி. சீட்டு எங்கன்னு கேட்டாரு. போன மழைக்குக் கூரைத் தகரம் மாத்த வந்தவங்களும் அப்படித்தான். எஸ்டேட்டு சட்டப்படி குடியிருக்கற வேலையாளு சம்மதம் இல்லாம வீட்ல ஒரு ஆணி புடுங்கக்கூடாதாம். தொட்டி முன்னால நின்னு கேட்டாங்க. அது குமிழி விட்டுச்சு. சரி, சம்மதம்னு ஏறிட்டாங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். கீழ ரிங்லெட் டவுன்ல சூடா ஒரு கட்டடம் கட்டிட்டாங்க, தொட்டி அங்க போகுது. தொட்டி போனா எங்க வீடும் போச்சு. எஸ்டேட்டு சாமான், நாங்க தடுக்க முடியுமா, தாராளமா தூக்கிக்குங்க. சீனி போதுமா?

ஐயோ, சட்டைல ஒட்டிருச்சா? ஈர சிமெண்டு, தட்டுனா போயிரும். நீங்க சாஞ்ச எடத்துலதான் முன்வாசல் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல கொத்து வேல பாத்தவருல்ல, நேத்து செங்கல் வச்சு அடைச்சிட்டாரு. குசினிக் கதவுல தொட்டி நுழையாது, அளந்து பாத்துட்டோம். செவுத்த இடிச்சாத்தான் வெளிய வரும்.

இடிங்க, நாங்க யாரு வேணாம்னு சொல்ல. குடியிருக்கற வேலையாளு சம்மதம்தான் வேணும், நீங்களே அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. என்ன, முந்தாநேத்துல இருந்து நான் முட்டகோஸு ஊத்தல, அதான் பதில் சொல்லுமான்னு தெரியல. கோப்பியக் குடிங்க, ஆறிடப் போவுது.